நாலாம் மேசை மணி

பாரிஸில் கிம்ச்சி என்ற கொரியக் கோவா ஊறுகாய்க்கு உப்புப் பதம் பார்க்கத் தெரிந்த தமிழர் எத்தனை பேர் என்று கேட்டால், தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எல்லாரும் ஒரே ஒரு விரலைத்தான் மடக்குவார்கள். அது புண்ணியமூர்த்தி. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த கொரியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனவர், ஆறே மாதத்தில் கத்தியைக் கையில் எடுத்தார். பதினெட்டு வருடத்தில் அவர் பிளந்து உப்பிட்ட முட்டைக்கோவாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மொன்மார்த் குன்றின் உச்சியில் நிற்கும் வெள்ளைத் தேவாலயம் அதற்கு முழங்காலளவுதான் வரும். அவருடைய கிம்ச்சியை ஒரு வாய் தின்ற சியோல் வியாபாரி ஒருவர் செத்துப்போன தாயை நினைத்து மேசையிலேயே விம்மினார். பக்கத்து மேசையிலிருந்த பிரெஞ்சுக்காரரும் விம்மினார். மிளகாய்த்தூள் கூடிவிட்டது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் சேர்த்து அவருடைய கைகள் விறைத்துப்போயிருந்தன. உப்பும் பனித்தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை. கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளாக அந்த விறைப்பு கையோடு நிற்காமல் மேலே ஏறுகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

ஏறத் தொடங்கிய நாளும் அவருக்குத் தெரியும். மகள் மிருணாளினி, முதலாளி பெக்கின் மகன் சங்-மின்னைக் கட்டப்போவதாகச் சொன்ன நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தகப்பனின் வேலை முடியும்வரைக்கும் அந்தக் கடையின் நாலாம் மேசையில் வீட்டுப்பாடம் செய்த இரண்டு பிள்ளைகள். இப்போது அவள் மருந்துக்கடையில் வேலை, அவன் கணினிக்காரன்.

மனைவி கமலராணி மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளும் அவள் அழுத கண்ணீரில் சென் மார்தன் வாய்க்காலில் படகு விட்டிருக்கலாம். நாலாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெடியன் நல்ல வெள்ளை என்ன?" என்றாள். ஐந்தாம் நாள் பிறக்காத பேரப்பிள்ளைக்கு வெள்ளைத் தோலும் தன் மூக்கும் என்று முடிவுசெய்துவிட்டாள்.

பெக் வீட்டில் சம்மதம் வர ஒன்பது மாதம் எடுத்தது.

ஒருநாள் கோவாப் பெட்டிகளுக்கு நடுவே வந்து நின்று பெக் சொன்னார்: "மூர்த்தி, நீ எனக்கு அண்ணன் மாதிரி. நாங்கள் ஒரே குடும்பம். எனக்கு ஒன்றுமில்லை. சியோலில் அக்கா இருக்கிறாள், சொந்தக்காரர் இருக்கிறார்கள். கல்யாணப் படத்தை அவர்களுக்குக் காட்டவேண்டும். ஆட்கள் என்ன சொல்வார்கள்?"

புண்ணியமூர்த்திக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த வசனம் அவருக்கு மனப்பாடம். நாலு வருடத்துக்கு முன்னர், 2014இல், பாரிஸ் புறநகரான செவ்ரானிலிருந்து மாமதூ என்ற மாலி நாட்டுப் பெடியன் மிருணாளினியோடு வீட்டுக்கு வந்தான். லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடிக்கு, கீழே கமலராணி வைத்துவிட்டுப் போன இருபது கிலோ அரிசி மூட்டையைக் கேளாமலே தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலில் வைத்தே புண்ணியமூர்த்தி பிரெஞ்சில் சொன்னார்: "தம்பி, நீ நல்ல பிள்ளை. எனக்கு ஒன்றுமில்லை. ஆட்கள் என்ன சொல்வார்கள்?" அவன் மூட்டையைக் குசினிக்குள் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் போனான். அந்த அரிசியை இரண்டு மாதம் தின்றார்கள்.

கடைசியில் பெக்கின் அக்கா சியோலிலிருந்து வந்து பெண்ணைப் பார்ப்பதென்றும், இரண்டு குடும்பமும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதென்றும் முடிவானது. அது கொரியர்களின் வழக்கம். அந்தச் சாப்பாடு ஒழுங்காக முடிந்தால்தான் கல்யாணப் பேச்சு. ஞாயிறு கடை பூட்டு. பெக் சொன்னார்: "மூர்த்தி, அன்றைக்கு நீ விருந்தாளி. சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் சமைத்து வைத்துவிடு."

கொஞ்சம் என்றால் முப்பத்தியொரு கறி. தன் சம்பந்திச் சாப்பாட்டைத் தானே சமைத்த தகப்பன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சனிக்கிழமை உப்புப் படிந்த சேர்ட்டோடு வீட்டுக்கு வந்தவரை மிருணாளினி கதிரையில் இருத்தினாள்.

"அப்பா, நாளைக்கு நீங்கள் கிச்சினுக்குள்ள போகக்கூடாது."

"நான் ஏன் போறன்?"

"உங்களுக்குத் தெரியாமலே போவீங்கள். அங்கை நீங்கள் என்ர அப்பாவா இருந்தாத்தான் எனக்கு இந்தக் கலியாணம். அவைக்கு வேலைக்காரனா இருந்தா வேண்டாம். சங்-மின்னுக்கும் சொல்லிப்போட்டன்."

"இஞ்சேருங்கோ, ஒரு நாள் சும்மா இருக்க ஏலாதே உங்களாலை?" என்றாள் கமலராணி. "நான் கொழும்பிலை கொட்டாஞ்சேனைச் சந்தியிலை ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்கு இருந்தனான். இருக்கிறது என்ன பெரிய வேலையே?"

"இருப்பன்," என்றார் புண்ணியமூர்த்தி.

மறுநாள் நாலாம் மேசை. ஒரு பக்கம் பெக், மதாம் பெக், சங்-மின், சியோல் அத்தை. மறு பக்கம் இவர்கள் மூவர். கமலராணி உடுத்த காஞ்சிபுரத்தின் சரிகை வெளிச்சத்தில் தெருவில் போன ஒரு பஸ் பிரேக் போட்டது.

அத்தை பொல்லாத கிழவியல்ல. சிரித்தாள். மிருணாளினியின் கையைப் பிடித்துத் தடவினாள். சியோலிலிருந்து தங்கநிறப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தாள். திறந்தால், முகத்தை வெள்ளையாக்கும் கிரீம். ஆறு குப்பிகள், காலைக்கு மூன்று, இரவுக்கு மூன்று.

"கல்யாணப் படத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்கிறாள் அத்தை," என்று சங்-மின் மெதுவாக மொழிபெயர்த்தான். தலையை நிமிர்த்தவில்லை.

மிருணாளினி பெட்டியை மூடினாள். கமலராணி அதைத் திரும்பத் திறந்தாள். "உது இஞ்சை அறா விலையெல்லோ! தம்பி, மாமி நானும் பூசலாமோ எண்டு கேளும்." அத்தைக்கு அளவில்லாத சந்தோஷம். இரண்டு பெண்களும் ஒருவருடைய மொழி மற்றவருக்குத் தெரியாமலே கால்மணிநேரம் தோலைப்பற்றிப் பேசினார்கள். வெள்ளை என்ற விஷயத்தில் அந்த மேசையில் ஒரு கருத்து வேற்றுமையும் இருக்கவில்லை.

புண்ணியமூர்த்தி தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். இறைச்சி சூடு ஆறுவது தெரிந்தது. இருந்தார். மதாம் பெக் அடுப்பில் வைத்துவிட்டு வந்த சூப் அளவுக்கு மேல் கொதிக்கிறது என்பது மணத்திலேயே தெரிந்தது. இருந்தார். பன்னிரண்டாவது கறிவரைக்கும் இருந்தார்.

அத்தைக்குக் காரம் ஏறியது. இருமினாள். கொரியக் கடைகளில் மேசைக்கு மேசை ஒரு மணி உண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட. தன் ஊர்ப் பழக்கத்தில் அத்தை எட்டி அதை அழுத்தினாள். டிங் டொங்.

மணிச் சத்தம் ஓய முன்னம் புண்ணியமூர்த்தி எழும்பிவிட்டார். கதிரையைத் தள்ளியதும் அவருக்குத் தெரியாது, மூன்று எட்டு நடந்ததும் தெரியாது. குசினித் திரைச்சீலையில் கை பட்டபோதுதான் பார்த்தார், அது தன் கை என்று.

"அப்பா," என்றாள் மிருணாளினி. "வந்து இருங்கோ."

வந்து இருந்தார். அத்தை இன்னும் இருமினாள், மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தாள், திரும்பவும் மணியை அழுத்தினாள்.

ஒருவரும் எழும்பவில்லை. பெக் புண்ணியமூர்த்தியைப் பார்த்தார். மதாம் பெக்கும் பார்த்தாள். "மூர்த்தி," என்றார் பெக், மிக அன்பாக, "தண்ணீர் மட்டும்."

மிருணாளினி வேறு யாரையும் பார்க்கவில்லை, சங்-மின்னைத்தான் பார்த்தாள். அவன் எழும்பி எட்டு அடி வைத்தால் தண்ணீர். அவனுடைய கை மேசை விளிம்பைப் பிடித்தது. தகப்பனைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். மூத்தவர்களுக்கு முன்னால் தகப்பன் சொன்னதைத் தாண்டி எழும்பவேண்டும். பிறகு அவன் தன் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தான்.

மிருணாளினி எழும்பிப் போய், ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் அத்தைக்கு முன்னால் மரியாதையாக வைத்தாள். பிறகு கோட்டை எடுத்துப் போட்டாள்.

"வாங்கோப்பா."

லாச்சப்பலுக்கு நடந்தே வந்தார்கள். கமலராணியின் கக்கத்தில் தங்கப்பெட்டி இருந்தது. அதை ஏன் எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெத்ரோப் பாலத்தடியில் தெரிந்தவர்கள் கைகாட்டினார்கள். மூவரும் சிரித்துக் கைகாட்டினார்கள்.

மகளின் முகத்தைப் பார்க்கப் புண்ணியமூர்த்திக்குத் துணிவு வரவில்லை. அழவேண்டும், ஏசவேண்டும், மன்னிப்பாவது கேட்கவேண்டும் என்று தேடிப் பார்த்தார். உள்ளே கோவா ஊறும் தண்ணீர்போல எல்லாம் அசையாமல் கிடந்தது.

"பிள்ளை," என்றார். "அந்தச் செவ்ரான் பெடியன். அரிசி தூக்கினவன்."

"மாமதூ."

"ஓம். இப்ப எங்கை?"

"போன வருஷம் கலியாணம் முடிச்சிட்டான் அப்பா. எனக்கும் கார்ட் வந்தது."

"நீ போனனியே?"

"நீங்கள் ஏன் எண்டு கேப்பீங்கள் எண்டு சொல்லேல்லை. போனனான்."

அவர் தலையாட்டினார். வீட்டு வாசல் வந்தது. கமலராணி பெட்டியைப் படியில் வைத்து மூச்சு வாங்கினாள். புண்ணியமூர்த்தி அதைக் கையில் எடுத்தார். ஆறு சின்னக் குப்பிகள்தான், விறைத்த கைக்கு அதன் பாரமும் தெரியவில்லை. ஐந்து மாடியும் சுமந்து ஏறினார்.