அண்ணன் அருகில் நிற்கையில்

செல்வகுமாரின் அறுவைச் சிகிச்சை மறுபடியும் தள்ளிப்போயிற்று. பித்தப்பையில் கல். வலி எடுத்தால் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையின் வரப்பிலேயே சுருண்டு படுத்துவிடுவான். ஆனால் விழுப்புரம் மருத்துவமனையில் கால் வைக்கும்போதெல்லாம் அவனது இரத்த அழுத்தம் ஏறி நின்றது. அது இறங்காமல் மயக்கமருந்து கொடுப்பதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

அண்ணன் சக்கரபாணி விடுவாரா? தந்தை மறைந்த பின் தம்பியை வளர்த்து, மணம் முடித்து, ஒரே அடுப்பில் வைத்துக் காத்தவர் அவர். அவர் எதிரில் தம்பி உட்காருவதில்லை. அக்குடும்பத்து வழக்கம் அது. நாள்தோறும் காலையில் தம்முன் நிறுத்தி மாத்திரையை விழுங்கச் செய்தார். உப்பைக் குறைத்தார். அடுத்த முறை திண்டிவனத்தில் பேருந்து ஏறியதிலிருந்து விழுப்புரம் வரும்வரை வாய் ஓயவில்லை.

"மாத்திரைய முழுங்கினியா, துப்பிட்டியாடா?"

"முழுங்கிட்டேண்ணா."

"அப்புறம் ஏன் எறங்கல? உன்னாண்ட பெரிய பேஜாரா போச்சு."

மருத்துவர் ஷாலினி தம்பியின் கையில் பட்டையைச் சுற்றினார். அண்ணன் அதட்டிய பிறகே அவன் முக்காலியில் பட்டும் படாமலும் அமர்ந்திருந்தான். எண் ஏறியது. மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"எனக்கு டீ பழக்கமில்லம்மா."

"இன்னிக்குப் பழகிக்குங்க."

சக்கரபாணி வெளியே வந்தார், கதவோரத்திலேயே நின்றுகொண்டார். சற்று நேரத்தில் உள்ளே சிரிப்பொலி கேட்டது. கறவை மாடு தன் வேட்டியைத் தின்ற கதையைச் செல்வகுமார் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியொரு சிரிப்பை வீட்டில் அவர் கேட்டதேயில்லை.

"பாத்தீங்களா, நார்மல்!" என்றார் மருத்துவர்.

"எறங்கிடுச்சா?" என்று மகிழ்ச்சி பொங்க உள்ளே பாய்ந்தார் சக்கரபாணி. தம்பி விருட்டென்று எழுந்து நின்றான். மருத்துவர் கருவியை மீண்டும் அழுத்தினார். சக்கரபாணியின் கண்ணெதிரே எண் மளமளவென்று ஏறியது.

பின்னர், நடைவழியில் அவரைத் தனியே நிறுத்தி மருத்துவர் சொன்னார்: "மாத்திரை மேல தப்பில்லைங்க. தெருவுல வெறிநாய் தொரத்தினா நமக்கு என்ன ஆகும்? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை வேர்க்கும், ரத்தம் வேகமா பாயும். ஓடறதுக்கு ஒடம்பு தயாராகுது. நாய் போயிட்டா தானா அடங்கிடும். இவரால ஓடவும் முடியல, நாயும் போவல." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உங்களச் சொல்லலைங்க."

"என்னயத்தாம்மா சொன்னீங்க. பரவால்ல."

திரும்பும் பேருந்தில் சக்கரபாணி வாய் திறக்கவில்லை. ஈர மல்லாட்டையை மூட்டை பிடித்துவிட்டான் என்று, திண்டிவனம் கமிட்டி ஏலத்தில் வியாபாரிகள் பார்க்கத் தம்பியை அறைந்தது நினைவில் எழுந்தது. அப்போது அவனுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டிருந்தது. மறுசொல் சொல்லாமல் மூட்டையைத் தூக்கிப்போனான். அதை மரியாதை என்றல்லவா அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்!

மறுபடி நாள் குறித்தார்கள். அன்று காலை, "எனக்கு மயிலத்துல ஒரு வேலை கீது. நீயும் கலைமதியும் போய்க்கினு வாங்க" என்றார்.

"வரலியாண்ணா?" என்று தம்பியின் வாய் வருந்திற்று. ஆனால் இறுகியிருந்த தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவர் பார்த்துவிட்டார். பாராதிருந்திருக்கலாம்.

மயிலத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முருகன் கோயில் மலையேறாமலே விழுப்புரம் வந்து, மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒதுங்கி நின்றார். தண்ணீர் வாங்க வந்த தம்பி மனைவி கலைமதி அவரைக் கண்டு திகைத்தாள்.

"மாமா! மயிலம் போறேன்னீங்களே?"

"பிரஷர் எப்பிடிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மாமா. ஆப்பரேஷனே முடிஞ்சிடுச்சு. கல்ல எடுத்துட்டாங்க. மயக்கம் இன்னும் தெளியல, வந்து பாருங்க."

கட்டிலில் செல்வகுமார் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். சக்கரபாணி ஓசைப்படாமல் அவன் பாதத்தின்மேல் போர்வையை இழுத்துவிட்டார். நெற்றியைத் தொட நீண்ட கையைத் தாமே மடக்கிக்கொண்டார்.

"அவன் கண்ணு முழிக்கறதுக்குள்ள நான் கெளம்பறேம்மா. வந்தேன்னு சொல்லாத."

'இருங்க மாமா' என்று அவள் ஒரு சொல் தடுப்பாள் என எண்ணி, வாயிலருகே சற்றுத் தயங்கினார். கலைமதி எழுந்து வந்து, சத்தம் எழாதபடி கதவைத் திறந்து பிடித்தாள்.