விட்ட இடத்திற்கு அடுத்தது

தன் வேலை என்னவென்று அவள் அக்காவுக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா" என்பதைத் தாண்டி அக்கா வரவில்லை. அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டர் முன்னால் காலமெல்லாம் குப்பை கொட்டியவர்களிடம், அதன் அடித்தள மென்பொருளான கர்னலை எழுதுகிறேன் என்று சொன்னாலும் திருதிருவென்றுதான் முழிப்பார்கள். திரையில் தெரிகிற எதையும் அது செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து, ஒவ்வொரு புரோகிராமுக்கும் இடம் ஒதுக்கி, சண்டை தீர்த்து, பூட்டித் திறந்துகொண்டிருக்கும். ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அவளும் அப்படித்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது அவளாகத் தேடிக்கொண்டது, கர்னல் மேல் பழி போட முடியாது.

கம்பெனி ஆபீஸைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவள் ஒருத்திதான் சந்தோஷப்பட்டாள். கேன்டீனில் யார் பக்கத்தில் உட்காருவது என்று இனித் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். நாலாவது மாடியில் இரண்டு அறை, ஒரு மேஜை, கார்கள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். போதும் என்றுதான் இருந்தது. பிறகு எப்போது போதாமல் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பார்சல் கொண்டுவருகிறவரிடம் கதவைத் திறக்காமலே "அங்கயே வெச்சிருங்க" என்று சொல்வதுதான் சில நாட்களில் அவள் பேசிய முழுப் பேச்சும். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள்.

"என்னடி குரல் கம்மிக் கெடக்கு, ஜலதோஷமா?"

"இல்லக்கா. இன்னிக்கு இப்பதான் பேசறேன்."

அக்கா உடனே அத்தானின் முழங்கால் வலிக்குப் போய்விடுவாள்.

அந்த வருஷம் அவள் கையில் எடுத்தது ஒரு பழைய தலைவலி. ஒரு ஃபைலைப் பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் நினைவகத்தில் விரித்து வைத்துக்கொள்ளும். அப்படி விரித்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் மேப்பிங் என்று பெயர். யாராவது அந்த ஃபைலை நடுவில் வெட்டிச் சுருக்கினால், கர்னல் அத்தனை மேப்பிங்கிடமும் நேரில் போய், "உன்கிட்ட இருக்கறதுல இந்தப் பக்கங்கள் இனிமே கிடையாது" என்று சொல்லியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதல் ஆளிடம் கிளம்பும்போது போடுகிற பூட்டைக் கடைசி ஆளிடம் போய்ச் சேர்கிறவரை கர்னல் திறக்காது. அதுவரை அந்த ஃபைலை யாரும் புதிதாக விரிக்கவும் முடியாது, சுருட்டிக்கொண்டு போகவும் முடியாது. பத்துப் பேர் இருந்தால் கண் இமைக்கிற நேரம். ஆயிரக்கணக்கில் இருந்தால் மெஷினே மூச்சடைத்து நிற்கும்.

அவள் யோசனை எளிமையானது. போகிற வழியில், வாசலில் யாராவது காத்திருக்கிறார்களா என்று பார். காத்திருந்தால் பூட்டைத் திறந்து அவர்களை விடு. பிறகு பூட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர். சொல்ல ஒரு மூச்சுதான். ஆனால் பூட்டைத் திறந்த அந்த இடைவெளியில், கடைசியாகப் பார்த்த ஆளே காலி செய்துகொண்டு போயிருந்தால் எதை அடையாளம் வைத்துத் தொடர்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கத்தரி. பெயர் அவள் வைத்தது, மனதுக்குள் மட்டும். கர்னல் ஒரே கம்பெனியின் சொத்தல்ல, பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது; அதில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் அவர்தான். யார் எந்த மாற்றம் எழுதினாலும் எல்லோரும் பார்க்கும்படி பொது மெயிலில் அனுப்ப வேண்டும். அவர் வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே தன் கேள்வியை எழுதித் திருப்புவார். படித்துத் திருப்தியானால், "படித்துப் பார்த்தேன்" என்று தன் பெயரைப் போட்டு, மாற்றத்தைக் கர்னலில் சேர்ப்பார். அந்தத் தொழிலில் அது கையெழுத்து மாதிரி. நாளைக்கு அந்த வரி எங்காவது போய்க் கவிழ்ந்தால், எழுதியவரோடு படித்தவரும் தலைகுனிய வேண்டும்.

பதினோரு வருஷமாக இருவரும் இப்படி எழுதிக்கொள்கிறார்கள். அவர் முகம் தெரியாது, வயது தெரியாது. ஒருமுறை, "நாளைக்குப் பதில் வராது, பல் டாக்டர்" என்று எழுதியிருந்தார். அவள் அறிந்த அவருடைய சொந்த வாழ்க்கை அந்த ஒரு பல்தான்.

ஆனால் இந்த மாற்றத்தில் அவர் ஒட்டிக்கொண்டுவிட்டார். மாதக்கணக்கில் காலை எழுந்ததும் அவருடைய மெயில் இருக்கும். "இந்த வழியில போனா முட்டிக்குவீங்க." "இது நல்லா இருக்கு, ஆனா எனக்குப் புரியற அளவுக்கு நல்லா இல்ல." ஒவ்வொரு மேப்பிங்குக்கும் பிறக்கும்போதே ஒரு வரிசை எண் கொடுத்துவிடலாம், ஆள் போனாலும் எண் நம் கையில் இருக்கும், அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடரலாம் என்பது இருவரும் மெயிலில் மாறி மாறித் தள்ளிக் கண்டுபிடித்தது. யாருடைய யோசனை என்று இப்போது கேட்டால் இருவருக்கும் தெரியாது. அவள் பல் தேய்க்கும்போதே பதிலை யோசிப்பாள். அவர் கேட்கக்கூடியதை முன்கூட்டியே கண்டுபிடித்து, கேட்டதும் மடக்குவாள். "சரி, தோத்தேன்" என்று ஒருநாள் எழுதினார். அன்று அவள் தனியாக, சத்தமாகச் சிரித்தாள். ஒருத்தி எழுதியதை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படிப்பது சாதாரண விஷயமா? அவளுக்கு அது சாதாரணமாக இல்லை.

பிறகு அந்த மெயில் வந்தது. "இன்னும் ரெண்டு சின்னத் திருத்தம்தான். அடுத்த தடவை அனுப்பறப்ப சேர்த்துடலாம்."

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவள் பதில் எழுதாமல் மெயிலை மூடிவைத்தாள். சேர்த்த பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "சேர்த்தாச்சு, நன்றி" என்று இரண்டே சொல் வரும். அதன் பிறகு கத்தரி வேறு யாருடைய மாற்றத்தையோ வெட்டப் போய்விடுவார். காலையில் எழுந்தால் மின்கட்டண அறிவிப்பும் தள்ளுபடி விளம்பரமும்தான் இருக்கும்.

அவர் சொன்ன இரண்டு திருத்தங்களையும் முடித்தாள். சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் அந்தக் கூத்து. "கடைசி எண்ணைவிடப் பெரியதிலிருந்து தொடர்" என்று இருந்த இடத்தில் ஒரு சமக்குறியைச் சேர்த்தாள். இப்போது, "பெரியது அல்லது சமமானதிலிருந்து." அதாவது பார்த்த ஆளையே இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகும். வீண் வேலை, ஆபத்தில்லை. இதைக் கத்தரி பார்த்தவுடன் பிடித்துவிடுவார். "இத்தனை நாள் கழிச்சு இதுல கோட்டை விடறீங்களே!" என்று கிண்டலடிப்பார். இவள் ஏதாவது சொல்வாள். இன்னும் ஒரு வாரம் ஓடும். நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் இப்படிச் செய்வாளா என்றால், செய்தாள்.

ஊரை ஏமாற்ற அவளுக்கு எண்ணமில்லை. சமக்குறியோடு ஒருதடவை தன் மெஷினில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அனுப்பினாள்.

ஒருமணி நேரத்துக்குள் பதில் வந்தது. "இந்தத் தடவை முழுசா படிக்கல. உங்க கைபட்டதுன்னா போதும் எனக்கு. சேர்த்தாச்சு." கீழே, படித்துப் பார்த்தேன் என்று அவர் பெயர்.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உங்க கைபட்டதுன்னா போதும். இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை, அம்மாகூடச் சொன்னதில்லை. கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்கு முன்னால் அந்தச் சமக்குறியும் இருந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தாள். "ஒரு சின்னப் பிழை விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தால் அது பொய். "வேண்டுமென்றே" என்று ஆரம்பித்தால் அந்த ஒரு வார்த்தை கையைவிட்டுப் போய்விடும். ஆபத்தில்லாத பிழைதானே, கொஞ்ச நாள் அதை வைத்துக்கொள்கிறேனே என்று இருந்துவிட்டாள்.

அந்த மாற்றத்தோடு கர்னலின் புதிய பதிப்பு வெளியாகி ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. பஸ் டிக்கெட் விற்கிற ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர் பொது மெயிலில் கதறியிருந்தார். விடுமுறைக் கூட்டம், எல்லாக் கவுன்ட்டரிலும் வரிசை, மெஷின் கல்லாக நிற்கிறது. அவர் அனுப்பிய விவரங்களை வாசித்த இரண்டாவது நிமிடம் அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் இருக்கிற மெஷினில் வாசலில் எப்போதும் யாராவது காத்திருப்பார்கள். அதனால் ஒரு ஆளைப் பார்த்ததும் கர்னல் பூட்டைத் திறந்துவிடும். திரும்பி வந்தால் அதே ஆள். மறுபடி பூட்டைத் திறக்கும், மறுபடி அதே ஆள். அடுத்தவரிடம் போகவே போகாது. அவள் சோதித்துப் பார்த்த மெஷினில் இது நடக்கவில்லை, ஏனென்றால் அதன் வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. அங்கே அவள் ஒருத்திதானே.

திருத்தத்தை எழுதத் தொடங்குவதற்குள் கத்தரி முந்திக்கொண்டார். "தப்பு என்னுடையது" என்று எல்லோருக்கும் எழுதியிருந்தார். "அவங்க இத்தனை தடவை சரியாக எழுதிய வரி. கடைசியில் கை தவறியிருக்கிறது, யாருக்கும் தவறும். அதைப் பிடிக்கத்தான் நான் இருக்கிறேன். படிக்காமல் பெயர் போட்டேன். இந்தப் பகுதியின் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் போன் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வேலையில் நடந்ததை அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஏன்டி, அந்த ஆளோட பேசணும்னா ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"நம்பர் இல்லக்கா."

"பதினோரு வருஷப் பழக்கம், நம்பர் இல்லையா?"

"கேக்கத் தோணலக்கா."

"என் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல, எனக்காவது போட்டிருக்கலாம்ல?" அக்காவின் குரல் உடைந்தது. "நானாதானே ஒவ்வொரு வாரமும் கூப்புடறேன்."

அவள் வைக்கிறேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டாள்.

ஒரு சமக்குறியை நீக்குவதுதான் திருத்தம். ஆனால் எந்தத் திருத்தத்தோடும், எந்தப் பழைய மாற்றத்தைச் சரி செய்கிறது, பிழை எப்படி வந்தது என்று விளக்கம் எழுத வேண்டும். அது கர்னலின் வரலாற்றில் அப்படியே நிற்கும், யாரும் அழிக்க முடியாது. அவள் எழுதினாள்: "இந்தப் பிழை கை தவறி வந்தது அல்ல. பொறுப்பாளர் இதைக் கண்டுபிடித்துப் பதில் எழுத வேண்டும், இன்னும் சில நாள் பேச்சு நீள வேண்டும் என்பதற்காக நான் தெரிந்தே வைத்தேன். அவர்மேல் தவறில்லை. அவர் விலகக் கூடாது." இரண்டாவது தடவை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமல் அனுப்பினாள்.

பொது மெயிலில் சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். கம்பெனியில் மேலாளர் கூப்பிட்டு, இனி அவளுடைய மாற்றங்களை வேறு இருவர் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும் என்றார். கத்தரியிடமிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது.

"திருத்தம் சேர்க்கப்பட்டது. நான் பொறுப்பில் தொடர்கிறேன். தாங்கள் இனி அனுப்பும் ஒவ்வொரு வரியையும் படிப்பேன்."

தாங்கள். அவர் அவளை அப்படி அழைத்ததே இல்லை.

அடுத்து அவள் அனுப்பியது ஒன்றுமில்லாத சமாசாரம், யாரும் பயன்படுத்தாத நாலு வரிகளை நீக்குவது. மறுநாள் காலையில் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரியையும் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே கேள்வி. இதை நீக்கக் காரணம் என்ன? எந்த மெஷினில் சோதித்தீர்கள்? அதில் எத்தனை பேர் காத்திருந்தார்கள்? அதற்கு ஆதாரம் எங்கே? அவள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் உண்மையை எழுதினாள். அதற்கு அடுத்த நாள் அந்தப் பதில்களை வெட்டி, அவற்றுக்குக் கீழேயும் கேள்விகள் வந்தன.

இப்போதும் தினம் காலையில் எழுந்தால் அவருடைய மெயில் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் அவர் அவளுக்கு இவ்வளவு எழுதியதில்லை.