கை நனைக்காமல் போனவர்கள்

ஜெயசுதா கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த புதிதில், பார்த்திபனின் பெரியப்பா ஒருநாள் உச்சிவெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தாலுகா ஆபீசில் ஏதோ வேலையாக வந்தவர். வீட்டில் சோறு மீதமில்லை, பால் இல்லை, ஒரு பிஸ்கட்கூட இல்லை. பார்த்திபன் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி வருவதற்குள், அவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுதும்மா" என்று கிளம்பிப் போய்விட்டார். பார்த்திபன் அவளைத் திட்டவில்லை. "நம்ம வூட்ல கை நனைக்காம போயிட்டாரே" என்று மட்டும் சொன்னான். அவளுக்கு அது திட்டைவிட வலித்தது.

அதற்கப்புறம் அவள் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்த்திபனின் சொந்தத்தில் யாராவது ஒருவர் எட்டிப் பார்க்காத வாரமே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பத்திரம் பதிய வந்தவர்கள், துணி எடுக்க வந்தவர்கள். வறுத்த ரவை ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். தக்காளித் தொக்கு இருக்கும். ஃபிரிட்ஜில் ஒரு பால் பாக்கெட்டும் நான்கு முட்டையும் இட்லி மாவும் தனியாக இருக்கும், அவற்றைத் தங்களுக்கென்று அவள் தொடமாட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்க்கரை சேர்த்து பாட்டிலில் வைத்திருப்பாள், தண்ணீர் ஊற்றினால் ஜூஸ். எது தீர்ந்தாலும் அன்றைக்கே வாங்கி வைத்துவிடுவாள்.

குழந்தை இல்லை. வருகிறவர்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பற்றிக் கேட்பார்கள். அவள் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள். குழந்தை இல்லாவிட்டால் என்ன, இந்தக் குடும்பத்துக்கே சோறு போடுகிறவள் நான்தானே என்று ஓர் எண்ணம் அவளுக்குள் இருந்தது. பார்த்திபனும் வெளியே போனால் அதைத்தான் பெருமையாகச் சொல்வான்.

அமாவாசைதான் பெரிய நாள். பார்த்திபனின் அக்கா குஞ்சம்மாளும் அவள் வீட்டுக்காரர் செல்லப்பனும் தீவனூர்ப் பக்கத்திலிருந்து மேல்மலையனூருக்குப் போவார்கள். ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைப் பார்த்துவிட்டு, விடிகிற நேரத்தில் ஸ்பெஷல் பஸ்ஸில் செஞ்சி வந்து இறங்குவார்கள். கூட நாலு பேரோ எட்டுப் பேரோ, வந்து நின்றால்தான் தெரியும். ஜெயசுதா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றியே வைத்திருப்பாள். குஞ்சம்மாள் வந்ததும் தலைமாட்டுக்கு எதுவும் கேட்காமல் கூடத்தில் படுத்துவிடுவாள். "உன் வூட்டுத் தரையில படுத்தாதான் சுதா எனக்கு கண்ணு மூடுது" என்பாள்.

பார்த்திபன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். முதலில் வாராவாரம் வந்தான். பிறகு ஓவர்டைம் என்றான், ஷிஃப்ட் மாறிவிட்டது என்றான். மாதம் ஒருமுறை வருவதே அரிதாகப் போயிற்று. வந்தாலும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் இருப்பான். வேலை டென்ஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலையில் குஞ்சம்மாள் வரவில்லை. வெயில் ஏறும்வரை ஜெயசுதா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். போன் போட்டால் எடுக்கவில்லை. ஆவணி அமாவாசைக்கும் யாரும் வரவில்லை. அதற்குள் மற்றவர்கள் வருவதும் நின்றுபோயிருந்தது. மாவு பொங்கிப் புளித்து மூடியைத் தள்ளியது. பக்கத்து வீட்டுப் பூங்குழலியிடம், "இந்தாம்மா, தோசையா ஊத்திக்கோ" என்று பாத்திரத்தோடு கொடுத்துவிட்டாள்.

புரட்டாசி மகாளய அமாவாசை முடிந்த காலை. பூ வாங்கப் பேருந்து நிலையத்துப் பக்கம் போனவள், ஓட்டல் ஒன்றின் முன்வரிசை மேசையில் குஞ்சம்மாளைப் பார்த்தாள். நெற்றி நிறைய மலையனூர்க் குங்குமம். எதிரில் செல்லப்பன். இரண்டு பேர் இலையிலும் தோசை பாதி கிடந்தது.

ஜெயசுதா உள்ளே போய் நின்றாள்.

"இன்னா அண்ணி, ரெண்டு எட்டுல வூடு இருக்குது. இங்க வந்து காசு குடுத்து சாப்பிடறீங்க?"

செல்லப்பன் சாப்பிட்டதை அப்படியே விட்டு எழுந்தார். "நான் பஸ் வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

"குந்து சுதா" என்றாள் குஞ்சம்மாள்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், அத சொல்லுங்க. என்னிக்காவது மூஞ்சி சுளிச்சேனா? சோறு பத்தாம போச்சா?"

"நீ ஒண்ணும் பண்ணலடி. உன் மேல ஒரு குத்தம் சொன்னா எங்க நாக்கு அழுவிப் போயிடும்."

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு மேசையைப் பார்த்தபடியே பேசினாள். "அங்க தம்பிகூட வேல செய்யற பொண்ணு. ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்குதுங்க. ஆடி மாசத்துக்கு முன்ன பையன் பொறந்தான். பேர் வெக்கறோம் வாங்கன்னு தம்பி எங்கள எல்லாம் கூப்ட்டான். கூடப் பொறந்தவனாச்சே, போனோம். அங்க எல போட்டு சோறு போட்டாங்க. தின்னேன். அங்கயும் தின்னுட்டு வந்து உன் வூட்ல எப்பிடிடி கை நனைக்கிறது? உன் மூஞ்சிய பாத்து இன்னொரு இட்லி வையின்னு எந்த வாயால கேக்கிறது?"

ஓட்டல்காரர் வந்து, "உங்களுக்கு இன்னாம்மா?" என்று கேட்டார். ஜெயசுதா ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"பொங்கலுக்கு வந்தாங்களே, சித்தப்பா வூட்டு ஆளுங்க. அவங்களுக்கு?"

"அப்பவே தெரியும்."

"உங்களுக்கு?"

குஞ்சம்மாளின் கண்ணிலிருந்து நீர் இலையில் சொட்டியது.

"தெரிஞ்சிகினுதான் என் வூட்ல படுத்து தூங்கினீங்களா" என்றாள் ஜெயசுதா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பூ வாங்காமலேயே வீட்டுக்கு நடந்தாள்.

பார்த்திபனுக்கு அவள் போன் செய்யவில்லை. நாலைந்து நாள் கழித்து அவனே வந்தான். மத்தியானம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவன் தட்டினான். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வழக்கமாக வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கிறவன்.

"சாப்டீங்களா?"

"பரவால்ல. வேணாம்."

அவள் உள்ளே போய் வெங்காயம் அரிந்து உப்புமா கிளறினாள். எதற்காகச் செய்கிறோம் என்று தன் மேலேயே கோபமாக வந்தது. ஆனாலும் முட்டை ஒன்றைப் பொரித்து ஓரத்தில் வைத்தாள். அவன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான்.

"அக்கா சொல்லிச்சி, உனக்கு தெரிஞ்சிடுச்சின்னு."

"உங்க வாயால சொல்லியிருக்கலாம்."

"சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வருவேன். நீ சோத்த போட்டுட்டு எதிர்ல குந்திக்குவ. நான் எப்பிடி சொல்றது சுதா?"

"அப்ப நான் சோறு போட்டதுதான் தப்பு."

அவன் உப்புமாவைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருந்தான்.

"பையன் யார மாரி இருக்கான்?" என்று கேட்டாள்.

"என்னை மாரின்னுதான் சொல்றாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"உன்ன அப்பிடியே விட்டுட மாட்டேன்" என்றான் அவன். "அப்பப்ப வந்து பாத்துட்டுப் போவேன்."

சாப்பிட்டதும் அவன் எழுந்து தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய், குழாயடியில் தேய்த்துக் கழுவி, எங்கே கவிழ்ப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் தட்டை எடுத்து வைத்ததுகூடக் கிடையாது. ஓட்டலில் அழாதவளுக்கு, அந்த ஈரத்தட்டைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. போய் அதை வாங்கிக் கவிழ்த்தாள்.

"அப்பப்ப வராதீங்க" என்றாள்.

"ஏன் சுதா?"

"வந்தா நான் ஆக்கிப் போடுவேன். அதான்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஐப்பசி அமாவாசைக்கு ஜெயசுதா மாவு அரைக்கவில்லை. முதல்நாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு பனமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் யார் வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது பூங்குழலி படியிறங்கி வந்தாள்.

"அக்கா, காலையில உங்க நாத்தனார் வந்திருந்தாங்க. இந்தவாட்டி தனியாத்தான் வந்தாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பூட்டையே பாத்துக்கினு நின்னாங்க. அப்பறம் போயிட்டாங்க."

ஜெயசுதா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். போனை எடுத்து குஞ்சம்மாளின் பேரைத் தேடினாள், சற்று நேரம் பார்த்திருந்தாள், கீழே வைத்துவிட்டாள். கார்த்திகை அமாவாசைக்கும் அவள் பனமலைக்கே போனாள்.