உள் முகவரியும் மச்சானின் கழுத்தும்

என் மனைவியின் தம்பியை லாரி ஓட்டுநர்கள் நாற்பது பேர் சேர்ந்து துவைத்தெடுத்த கதை இது. நாற்பது என்பது போலீஸ் எழுதிய எண். நான் எண்ணியபோது நானூறு. ஓய்வு பெற்றவன் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம். ரத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்போது சரக்குக் கிடங்கில் நான் கம்ப்யூட்டர் ஆள். மச்சான் வாசல் குமாஸ்தா. லாரிகளுக்கான அனுமதிச் சீட்டுப் பக்கம் உள் சர்வரில் இருந்தது. வெளியாட்கள் அதை நேராகத் தொடாதபடி முன்னால் இன்னொரு சர்வரை நிறுத்தினேன். அது பக்கத்தை உள்ளேயிருந்து வாங்கி, லிங்க்குகளில் இருக்கும், கிடங்குக்குள் மட்டுமே திறக்கும் உள் முகவரியை அழித்து, வெளி முகவரியை எழுதி, ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்ப வேண்டும். என் மேசையிலிருந்தே லிங்க்கைத் தட்டிப் பார்த்தேன். ஜோராகத் திறந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வாசல் கண்ணாடி நொறுங்கியது. ‘சீட்டு எடு’ லிங்க்கை அழுத்தினால் எல்லார் போனிலும் வெறும் வெள்ளை.

“ரெண்டு மணி நேரமா தட்டறோம், வெளையாடறியாடா?” என்று ஒரு தாடிக்காரர் மச்சானின் கழுத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்து நெரித்தார். இன்னொருவர் நாற்காலியால் அடித்தார்; நாற்காலிதான் முதலில் செத்தது. மச்சானின் மூக்கு ரத்தத்தில் படகு விடலாம்.

“மாமா! மூச்சு போகுது மாமா!”

“இங்க நல்லாத்தான் திறக்குது மச்சான்!” என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

“அப்ப வெளிய வந்து தட்டுங்க!”

போனேன். வரவேற்பாக ஒரு குத்து. இரண்டு பல் எதிர்ச்சுவர் வரை பறந்தது. கையில் கிடைத்த போனைப் பிடுங்கிப் பார்த்தேன். லிங்க்கில் அப்படியே உள் முகவரி! உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அது திறக்காமல் என்ன செய்யும்? உள் சர்வர் பக்கத்தைச் சுருக்கி மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறது. மூட்டையைப் பிரிக்காத முன் சர்வர் எந்த எழுத்தைத் தேடி மாற்றும்?

உதைகளுக்கு நடுவே தவழ்ந்து உள்ளே ஓடினேன். முன் சர்வரில் ஒரே வரி எழுதினேன்: பக்கத்தைச் சுருக்காமல் தரச்சொல்லி வாங்கு.

“வந்துடுச்சுப்பா, சீட்டு!” என்று யாரோ கூவினார். தாடிக்காரரின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தை விட்டன.

மச்சான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

“மாமா, நேத்து எங்கேருந்து தட்டிப் பாத்தீங்க?”

“என் சீட்லேருந்துதான்.”

நானூறு பேரிடம் வாங்கியதையும் ஒரே குத்தில் என் தாடையில் இறக்கினான். அடுத்தது விழுவதற்குள் தாடிக்காரர்தான் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

“விடு தம்பி, செத்துடப் போறாரு! உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?”