இருபத்து மூன்று கத்திகளும் ஒரு கறையும்

1

முதலில், யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள். (எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கிய ஆசிரியரின் முறை இது: இடம், நாள், ஆட்கள். மனவருத்தமெல்லாம் மூன்றாம் பத்திக்கு மேல்தான்.)

இடம்: மாமியார் வீட்டுக் கூடம். நாள்: ஞாயிறு, சாப்பிட்டு முடித்த நேரம். மின்விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் மாமியார். ஜன்னலோரம் தரையில் கால் நீட்டி என் மனைவி. அவள் தோளில் சாய்ந்து அவள் தங்கை. சோபாவின் இந்த முனையில் நான். அந்த முனையில் தங்கையின் கணவர், அதாவது என் சகலை. தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். வீட்டிலும் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’தான். எங்கள் இருவருக்கும் நடுவில் பிரிக்காத பார்சல் ஒன்று. உள்ளே மேசை விளக்கு.

வாசகரே, இந்தக் கதை அந்தப் பார்சலிலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படியில்லை. இது ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அதுவரை பார்சல்.

“யாராவது ஒரு கத்தி குடுங்கப்பா” என்றார் மாமியார்.

என் கை முதலில் போனது. அன்றைய முறைக்குரிய கத்தி சட்டைப் பையில் இருந்தது: பித்தளைப் பிடி, முகம் பார்க்கக்கூடிய அலகு. விரித்தேன். ஒட்டுநாடாவின் பசை அலகில் ஒட்டிக்கொள்ளுமே என்று ஒரு கணம் தயங்கினேன். ஒரே ஒரு கணம்.

“பெரிய மாப்ள, அதை உள்ள வைங்க. உங்களுது கண்காட்சிக்கு. சின்ன மாப்ள, உங்களத எடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தது என் மனைவி.

2

என்னிடம் இருபத்து மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அலுவலகத்தில் நான் தபால் பிரிவு எழுத்தர். வந்த கடிதம், போன கடிதம் எதற்கும் எண் போடாமல் விடமாட்டேன். கத்திகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி உறை, ஒரு எண், நோட்டில் ஒரு பக்கம். நாளுக்கு ஒன்றாக முறைவைத்துச் சட்டைப் பையில் எடுத்துப்போவேன். வேறு ஊர்களில் என்னைப் போலச் சேகரிப்பவர்கள் நான்கு பேர். அவர்களுக்கு நான் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் கார்பன் நகல் வைத்திருக்கிறேன். (இந்த நகல் விஷயத்தை நினைவில் வையுங்கள். என் கழுத்தைப் பிடிக்கப்போவது அதுதான்.)

மாஸ்டரிடம் இருப்பது ஒன்று. கறுப்புக் கொம்புப் பிடி, அதிலும் ஒரு மூலை உடைந்தது. கடைக்கு வரும் தபாலைப் பிரிப்பது, மகளின் பென்சிலைச் சீவுவது, நாற்காலித் திருகை முறுக்குவது, நான்கு மணிக்கு ஓர் ஆப்பிளை அறுத்துக் கடையில் எல்லோருக்கும் பங்கு வைப்பது, எல்லாம் அதனால்தான். அலகு எவர்சில்வர் அல்ல, துருப்பிடிக்கக்கூடிய பழைய எஃகு. அந்த வகை எஃகில் பழச்சாறு கறை விடும். ஒரு நாளில் வராது, வருடக்கணக்கில் வரும். பதினாறு வருட ஆப்பிள் அந்த அலகில் நீலமாகவும் சாம்பலாகவும் படிந்து, வெயிலில் திருப்பினால் புறாக் கழுத்தைப் போல நிறம் மாறும்.

என் இருபத்து மூன்றில் ஒன்றிலும் அது இல்லை. விலைக்கும் கிடைக்காது. நானே உண்டாக்கிப் பார்த்தேன்: எட்டாம் எண் கத்தியை ஓர் ஆப்பிளில் குத்தி இரண்டு நாள் வைத்தேன். தேமல் மாதிரி வந்தது.

“ஆப்பிள் வாங்கினா திங்கணும்ங்க. குத்தி வச்சு வேடிக்கை பாக்கக் கூடாது” என்றாள் மனைவி.

3

[முதல் வரைவில் மாஸ்டரைக் கொஞ்சம் கர்வம் பிடித்தவராக எழுதியிருந்தேன். கத்தியை எடுக்கும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பதாக ஒரு வரி. அடித்துவிட்டேன். அவர் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.]

உண்மையில் நடந்தது இது. பார்சலைப் பிரித்த பிறகு கத்தி மடங்கவில்லை. நாடாவின் பசை கீலுக்குள் இறங்கிவிட்டது. மாஸ்டர் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“அண்ணா, இதுக்கெல்லாம் நீங்கதான் டாக்டர். கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்களா?”

“ஒரு வாரம் ஆகுமே.”

“ஆகட்டும். உங்க கையில இருந்தா எனக்கென்ன கவலை?”

அந்த வாக்கியம் என் கற்பனை அல்ல. கற்பனையாக இருந்தால் இதைவிட லேசாக ஒன்றைப் போட்டிருப்பேன்.

4

சனிக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, தெரியாத்தனமாக நான்

பழக்கதோஷம்தான், எந்தக் கத்தி கைக்கு வந்தாலும் துடைத்துப் பளபளப்பாக்குவது என்

கீலில் எண்ணெய் விட்டபோது அலகின் மேலும் சிந்தியது, அதைத் துடைக்கப் போய்

மூன்று தொடக்கங்களும் நிற்கவில்லை. காரணம், என் கோப்பில் நாற்பத்தோராம் எண் கடிதம். கத்தி சேகரிக்கும் ஒரு பல் மருத்துவருக்கு நான் எழுதியது. நகலிலிருந்து எடுத்துத் தருகிறேன்: “பழைய அலகின் கறையை ஒருபோதும் தேய்க்காதீர்கள். அழுக்கு வேறு, கறை வேறு. அழுக்குப் பட்டால் துடைத்துவிடுங்கள், அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.” கீழே என் கையெழுத்து.

ஆக, தெரிந்தேதான். கீலைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகு பித்தளை துலக்கும் பசையை எடுத்து, துணியில் தடவி, நாற்பது நிமிடம் தேய்த்தேன். துணியெல்லாம் கறுப்பானது. பதினாறு வருடம் துணிக்கு மாறியது. நடுவில் ஒரு தடவை நிறுத்தினேன். பாதி நீலம், பாதி வெள்ளை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். பாதியாக இருந்தால் காரணம் கேட்பார்களே என்று மீதியையும் தேய்த்தேன்.

5

பொய் இது:

“கூர் போட மார்க்கெட் சாணைக்காரர்கிட்ட குடுத்தேன் மாஸ்டர். மனுஷன் கேக்காமலே பாலிஷும் போட்டுட்டார்.”

மாஸ்டர் அலகை ஜன்னல் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். “பளபளன்னு இருக்கு அண்ணா” என்றார். மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

(சாணைக்காரரை இந்த இடத்தில் அறிமுகம் செய்கிறேன், பழி விழுந்த பிறகு கதைக்குள் வருகிறார், பாவம். அலுவலகம் போகும் வழியில் கடை. மின்சாரச் சக்கரம், காதில் பஞ்சு. கத்திரிகள்தான் பெரும்பாலும் வரும். மாஸ்டரின் கடையிலிருந்து மட்டும் மாதம் பன்னிரண்டு.)

மாஸ்டர் அவரிடம் கேட்டிருக்கிறார். “நான் தொடவே இல்ல மாஸ்டர்” என்றிருக்கிறார் அவர். மறுமாதம் பன்னிரண்டு கத்திரிகளும் வேறு கடைக்குப் போயின. இது மனைவி வழியாக எனக்கு வந்தது.

“பாலிஷ் போட்டதுகூட பரவாயில்லையாம், போடலன்னு சாதிச்சதுதான் மாஸ்டருக்கு ஆகல. ‘அண்ணா எதுக்கு பொய் சொல்லப் போறார், கத்தியைக் குழந்தை மாதிரி வச்சிருக்கறவர்’னு சொன்னாராம்.”

நான் தண்ணீர் குடித்தேன். வேறு என்ன செய்வது?

6

கத்தியைத் திருப்பிக் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு. உட்கார்ந்த இடங்கள் முன்போலவே. ஆப்பிள் அறுக்க மாஸ்டர் கத்தியை விரித்தார். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இது யாரு கத்தி? பெரிய மாப்ளயோடதா?”

இதற்காகத்தானே தேய்த்தேன், வாசகரே? அவருடையது என்னுடையதைப் போல ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆப்பிள் துண்டு என் கைக்கு வரும்வரை இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தது போலவே எனக்கும் கொடுத்தார், கொஞ்சம் பெரிய துண்டாக.

சாணைக்காரர் தினமும் என்னை நிறுத்துகிறார்.

“சார், நீங்க மாஸ்டருக்குச் சொந்தம்தானே? அந்தக் கத்திய என்கிட்ட யாரு குடுத்தாங்களாம்னு கேட்டுச் சொல்லுங்களேன். பன்னெண்டு கத்திரிக்காக கேக்கல. செய்யாதத செஞ்சேன்னு நெனச்சுட்டு இருக்கார் சார்.”

“கேக்கறேன்” என்கிறேன். ஆறு மாதமாகக் கேட்கிறேன்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மாஸ்டரும் சாணைக்காரரும் தற்செயலாக ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். பேச்சு வளர்கிறது, உண்மை வெளியாகிறது. நான் எதுவுமே செய்யத் தேவையில்லாத முடிவு. அதனாலேயே பிடித்திருந்தது, அதனாலேயே கிழித்தேன்.

(ஆ) இருபத்து மூன்றில் சிறந்ததை மாஸ்டருக்குப் பரிசாகக் கொடுக்கிறேன். அவர் நெகிழ்கிறார். சாணைக்காரர் இந்த முடிவில் எங்குமே வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

(இ) நான் திருந்திவிடுகிறேன். பொறாமை போய்விடுகிறது.

இந்த (இ)யை ஒரு மாதம் நம்பினேன். போன ஞாயிறு மாஸ்டர் கத்தியை விரித்தபோது அலகின் நுனியில் நகக்கண் அளவு நீலம் தெரிந்தது. ஆறு மாத ஆப்பிள். மறுபடி வருகிறது. பாவிக்கு மறுபடியும் வருகிறது! என் வயிறு எரிந்த எரிச்சலில் எனக்கு ஒன்று தெரிந்தது: இந்தக் கத்தி இன்னொரு தடவை என் கைக்கு வந்தால் இன்னொரு தடவை தேய்ப்பேன். அன்று மாலைதான் பழைய வரைவுகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

8

இதுவரை ‘வாசகரே’ என்று நான் கூப்பிட்டது ஒருவரைத்தான். உங்களை அவர், இவர் என்று எழுதியதற்கு மன்னியுங்கள், மாஸ்டர். நேரே நீங்கள் என்று தொடங்கியிருந்தால் இரண்டாம் பத்தியைத் தாண்டியிருக்க மாட்டேன்.

சாணைக்காரர் உங்கள் கத்தியைத் தொடவில்லை. தொட்டது நான். முடிவு (ஈ) உங்களுடையது. வரும் ஞாயிறு நீங்கள் சோபாவின் அந்த முனையில் உட்காரலாம், உட்காராமலும் போகலாம். மாமியாரிடம் சொல்லலாம். அதற்கு முன்னால், கத்திரிகளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். அதையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இதற்கு நகல் எடுக்கவில்லை. எண்ணும் போடவில்லை. உறையின் வாயில் பசையை நிறையத் தடவப்போகிறேன், விரலால் கிழிக்க வராது. படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே கத்தியை எடுத்திருக்கிறீர்கள். அலகில் பசை ஒட்டியிருக்கும். கீலுக்குள் இறங்குவதற்குள் துடைத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம்.

சாணைக் கடைக்கு எதிரே ஒரு தபால்பெட்டி இருக்கிறது. காலையில் அவர் என்னை நிறுத்துவதற்குள் போட்டுவிடுவேன். இப்போது மடிக்கிறேன், ஒட்டுகிறேன்.