கொழுந்துக்குள் பதினொரு போன்

தேயிலை ஃபாக்டரியின் வாட்டும் தொட்டியில், இரண்டு டன் பச்சைக் கொழுந்தோடு பதினொரு போன்களையும் சேர்த்துக் கொட்ட வைத்தவன் நான்தான். கையால் கொட்டியது பெரியமுத்து அண்ணன். ஆனாலும் பழியில் அவருக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவும் என்னுடையது.

எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் ரேஞ்சு கிடையாது. போன மழையில் படுத்த டவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் போன் என்றால் பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும்தான். ஆனால் கொழுந்து லாரி ஓட்டுகிற நான் தினமும் ஃபாக்டரிக்கு இறங்குகிறவன். பாதி வழியில் பாறை வளைவில் ரேஞ்சு எட்டிப் பார்க்கும், ஃபாக்டரியில் நன்றாகவே இருக்கும். அதனால் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஆளாளுக்குப் போனைக் கொண்டுவந்து என் பையில் போட்டுவிடுவார்கள். போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த செய்திகளெல்லாம் வளைவு வந்ததும் கிளம்பிப் போகும், வரவேண்டியவை வந்து சேரும். சாயங்காலம் அவரவர் போன் அவரவர் கைக்குப் போய்விடும். ஒரு நாளும் ஒருத்தர் போனையும் நான் திறந்து பார்த்ததில்லை. என் நேர்மை ஒரு காரணம். எல்லோரும் பூட்டுப் போட்டிருப்பது இன்னொரு காரணம்.

ஆரம்பத்தில் வளைவு திரும்பும்போது பதினொன்றும் ஒன்றாகக் கத்தும். ஒரு நாள் அந்தச் சத்தத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்தப் போனேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அதிலிருந்து சைலன்டில் போட்டுக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டம் என்னையே கடிக்கும் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை முதல் டிரிப் இறங்கியபோது மோனிஷா என்னைப் போனில் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளின் மகள், கட்டப்பனையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். சாந்தம்மாள் என்னை அண்ணே என்பதால் நான் இவளுக்கு மாமா.

"மாமா, எனக்கு நர்சிங் அலாட்மென்ட் வந்திருக்கு."

இரண்டு வருடமாக அந்தப் பட்டியலில் பெயரைத் தேடித் தேடி ஏமாந்த பிள்ளை. நான் லாரியிலேயே எழுந்து நிற்கப் பார்த்துத் தலையை இடித்துக்கொண்டேன்.

"சந்தோசப்படாதீங்க, இனிமேத்தான் வேலையே இருக்கு. நாலு மணிக்குள்ள எனக்கு வேணும்னு சைட்ல ஒத்துக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். ஒத்துக்கிறதுக்கு ஓடிபி வரும். அது அம்மா நம்பருக்குத்தான் வரும். அப்ளிகேசன் போட்ட அன்னைக்கி அந்த நம்பரைத்தான் குடுத்துத் தொலைச்சிருக்கேன். மூணு மணிக்கு அம்மா போனை ஃபாக்டரிக்குக் கொண்டு வந்து அந்த நம்பரை எனக்குப் படிச்சுச் சொல்லணும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா! இந்த மாமா எதுக்கு இருக்கேன்?" என்றேன். இந்தக் கேள்வியை என் மனைவியும் அவ்வப்போது கேட்பாள், வேறு தொனியில்.

மேலே போய்ச் சாந்தம்மாளிடம் சொன்னதும் அவள் கொழுந்துக் கறை படிந்த கையைச் சேலையில் மூன்று முறை துடைத்துவிட்டு, மடியிலிருந்து அந்தச் சின்ன பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள். "பாத்துண்ணே," என்றாள்.

பாத்து என்றால் வழக்கம்போலச் செய்திருக்கலாம். பையை சீட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கலாம். ஆனால் இன்றைக்கு முக்கியமான நாள் என்று என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. உயரமான இடத்தில்தானே ரேஞ்சு அதிகம்? அப்படியானால் போன்களை லோடின் உச்சியில் வைத்தால் வளைவுக்கு முன்பே ரேஞ்சு பிடிக்குமே! துணிப்பை மழையில் நனையும் என்று போன்களை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதை ஒரு கொழுந்துச் சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டி, மற்ற சாக்குகளுக்கு மேலே ஏற்றி வைத்தேன். ஒரு சாக்கு போலவே இருந்தது. அதுதான் என் திறமை.

இரண்டே முக்காலுக்கு ஃபாக்டரி. டிரிப் சீட்டில் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போனேன். அப்படியே கேண்டீனில் ஒரு டீ, பக்கத்திலேயே வடை. நல்ல காரியம் செய்யப் போகிறவன் வெறும் வயிற்றோடு செய்யக் கூடாது என்பது என் கொள்கை. திரும்பி வந்தால் லாரி காலி. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

போன் அடித்தது. மோனிஷா.

"மாமா, அம்மா போன் கையில இருக்கா? நான் அவசரத்துல ஒரு தடவ அமுக்கிட்டேன், மெசேஜ் வந்துச்சா? ஒவ்வொண்ணும் பத்து நிமிசந்தான் செல்லும், அதுவும் மூணு தடவதான் அனுப்புமாம். அப்புறம் நாளைக்குத்தான்."

என் கண் காலி லாரியைப் பார்த்தது. என் வாய், "இருக்கு தாயி, கையிலதான் இருக்கு," என்றது.

ஏன் சொன்னேன்? சாக்கு எங்கே போயிருக்கும், மேல் மாடிக்குத்தானே, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதோடு, 'இல்லை' என்று சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் வெட்கம்.

"அப்ப ரெண்டாவத அமுக்கிட்டேன் மாமா. சொல்லுங்க."

மாடிப்படியில் ஓடினேன். வாட்டும் தொட்டி என்று பெயர்தான் தொட்டி; பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தும் நீளம். அடியில் கம்பி வலை, அதன் மேல் முழங்கால் உயரத்துக்குக் கொழுந்து, இலையின் ஈரம் போகக் கீழிருந்து பெரிய ஃபேன் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். பெரியமுத்து அண்ணன் காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். என் பிளாஸ்டிக் உறை தரையில் கிழிந்து கிடந்தது.

"அண்ணே, ஒரு சாக்குல போன் இருந்துச்சே!"

"அது போனா? கனமாத் தட்டுச்சு. வழக்கம்போல எடைக்குக் கல்லு போட்டிருக்காளுவன்னு கொட்டிட்டேன்."

"எங்க கொட்டினீங்க?"

அவர் அந்த முழு நீளத்தையும் கையால் ஒரு இழுப்பாகக் காட்டினார். கொட்டியது மட்டுமில்லை, கொழுந்து கிளறும் முள்கம்பால் நன்றாகப் பரத்தியும் விட்டிருந்தார். வேலையில் சுத்தமான மனிதர்.

நான் மோனிஷாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"தாயி, மூணாவத மட்டும் அமுக்கிராத. போன் கையில இல்ல."

"எங்க இருக்கு?"

"கொழுந்துக்குள்ள."

திட்டினால் நன்றாயிருக்கும் என்று பட்டது. "சரிங்க மாமா. தேடுங்க," என்றாள், கடையில் துணி பிடிக்காமல் எழுந்து போகிற வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி. மணி மூன்று பதினொன்று.

என் போனிலிருந்து சாந்தம்மாள் நம்பருக்கு அடித்தேன். மணி போகிறது. ஆனால் சைலன்ட். என் சட்டம்! வெறும் உறுமல் மட்டும் இருக்கும், அதுவும் ஃபேன் சத்தத்தில் கேட்காது. ஃபேனை நிறுத்தவேண்டுமானால் டீமேக்கர் சொல்லவேண்டும். ஃபாக்டரிக்குள் கொழுந்துக்கு அவர்தான் ராஜா. கொழுந்து சூடேறிவிட்டால் தூள் கெட்டுப்போகும்; அதற்காகப் பத்து வருடமாகச் சிரிக்காதவர் மலையாளி ஜோஜோ சார்.

கதையைக் கேட்டுவிட்டு, "எடோ டிரைவர் மணி, போனுக்கும் ஈரம் போக்கணுமோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் சீட்டு, நாலு மணி, மூன்று தடவை எல்லாவற்றையும் தலைகீழாக உளறினேன். அவர் கையைக் காட்டினார். "நிர்த்து. பத்து மினிட்டு. அதுக்கு மேல நான் உன்னையும் சேர்த்து அரைச்சிடும்."

ஃபேன்கள் நின்றன. அந்த மாடியில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. நான், பெரியமுத்து அண்ணன், ஜோஜோ சார் மூவரும் தொட்டிப் பலகையில் காதை ஒட்ட வைத்து நடந்தோம். மூன்று வைத்தியர்கள் ஒரு நோயாளியின் நெஞ்சைக் கேட்பது போல இருந்திருக்கும்.

"இந்தா, உறுமுது!" என்றார் பெரியமுத்து அண்ணன். கையை விட்டுத் துழாவி எடுத்தால் எங்கள் லயத்துச் சித்ராவின் போன். கோயம்புத்தூரிலிருக்கும் அவள் புருஷன் அந்த நேரம் பார்த்து வரிசையாக ரோஜாப்பூப் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தான். பூவுக்குப் பூ ஒரு உறுமல். அடுத்து எடுத்தது கங்காணியுடையது. அடுத்தது என் மனைவியுடையது. அதில் ஒன்றுமே வரவில்லை, சும்மா கையில் தட்டுப்பட்டது.

"ஆறு மினிட்டு," என்றார் ஜோஜோ சார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே இறங்கினேன். கொழுந்தை மிதிப்பது பெரிய குற்றம். அவர் பார்த்தார், பின்பு வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே தவழ்ந்தேன். தொட்டியின் கடைசி மூலையில், கம்பி வலை மேலேயே கிடந்து, கோபம் பிடித்த வண்டு மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது சாந்தம்மாள் போன். திரையில் என் பெயரே ஓடியது: 'லாரி அண்ணே'. தவறிய அழைப்புகள் பதினேழு.

மணி மூன்று முப்பத்தாறு. அந்தப் போனில் பேட்டரி ஒரு கோடு. என் போனில் மோனிஷாவை அழைத்தேன்.

"அமுக்கு தாயி! இப்ப நெசமாவே கையில இருக்கு. ஜோஜோ சார் சாட்சி."

"சாட்சியாணு," என்றார் அவர், என் போனுக்குள் குனிந்து.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நடுக்கம். ஆறு எண்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜோஜோ சார் பின்னாலேயே மலையாளத்தில் சொல்ல, அவள் தமிழில் திருப்பிச் சொன்னாள். கடைசி எண் சொல்லி முடித்ததும் லைன் அறுந்தது.

திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. ஒத்துக்கொள்வதற்காக அவள் போய் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் கடையின் நம்பரையும் காலையிலேயே எனக்குக் கொடுத்திருந்தாள். கடைக்காரி ஆன்மேரி எடுத்தாள்.

"சேட்டா, சைட் கறங்கிக்கிட்டே இருக்கு," என்றாள். சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

"கெடச்சுதா இல்லையா அம்மா?"

"கறங்கட்டும். நோக்காம்," என்றாள். பார்க்கலாமாம்.

நாலு மணிக்கு மறுபடி கேட்டேன். "சேட்டா டென்ஷன் ஆகண்டா," என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு டென்ஷன் ஆகாதவன் இந்த மாவட்டத்தில் பிறக்கவில்லை. அந்த சைட்டின் உதவி எண்ணுக்கு அடித்தேன். அழைப்பு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. "கிட்டும், கிட்டாதிருக்கில்ல," என்றார் ஜோஜோ சார், கிடைக்காமல் போகாது என்று. அதுவும் பதில் இல்லை, அன்பு.

மீதி ஏழு போன்களையும் பெரியமுத்து அண்ணன் துழாவி எடுத்துத் தந்தார். மேலே அடுத்த லோடு காத்துக்கொண்டிருந்தது. மலையேறினேன். வளைவில் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வழி முழுக்கச் சாந்தம்மாளிடம் சொல்ல வேடிக்கையான முன்னுரை ஒன்று தயாரித்துக்கொண்டே போனேன். நிறுவை ஷெட்டில் அவள் முகத்தைப் பார்த்ததும் முன்னுரையைத் தூக்கிப் போட்டேன். உச்சியில் வைத்ததிலிருந்து வடை வரைக்கும், 'கையில இருக்கு' என்று சொன்ன பொய் வரைக்கும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

கேட்டு முடித்தாள். "அதெல்லாம் இருக்கட்டும்ணே. கெடச்சுதா?"

"தெரியல தங்கச்சி."

கூடையை அப்படியே போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடு. வளைவுக்குப் போ."

பாறையோரம் நிறுத்தினேன். இருவரும் இறங்கி நின்றோம். சாந்தம்மாள் போன் எப்போதோ அணைந்துவிட்டது, என்னுடையதைக் கையில் நீட்டிப் பிடித்திருந்தேன். பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

ஐந்தரைக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, போன்ல சார்ஜ் தீந்திருச்சு, ஆன்மேரி அக்கா சார்ஜர் கெடைக்காம, அப்புறம் அந்த சைட்டு ஒரு தடவ வெளிய தள்ளிவிட்டுருச்சு, உள்ள போறதுக்கு..."

"ஏட்டி," என்று கத்தினாள் சாந்தம்மாள், "கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சிருச்சும்மா! மூணு நாப்பத்தொண்ணுக்கே ஏறிருச்சு. சீட்டு என்னுது. பேப்பர் அடிச்சுக் கையில வச்சிருக்கேன். திங்கக்கெழமை போய்ச் சேரணும்."

சாந்தம்மாள் ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே லாரிச் சக்கரத்தில் அவசரமாக ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது. மூச்சு சரியானதும் போனை வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். மதியத்திலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"தாயி, மாமா மேல கோவமா?"

இல்லை என்று சொல்லுவாள், சமாதானமாகிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"ஆமா மாமா, கோவந்தான். போனைத் தொலைச்சதுக்கு இல்ல. கையில இல்லாமலே இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு. நாளைக்குக் கோவம் போயிரும்."