பழைய கடவுச்சொல்

அண்ணன் ஏணியை உதைத்தபோது அவள் அதன் மேல்படியில் நின்றிருந்தாள். ஏணி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. கூரையின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கீழே பார்த்தாள். உதைத்த கால் இன்னும் ஏணிமேல்தான் இருந்தது.

"பாஸ்வேர்டு மறுபடியும் பழசுக்கே போயிடுச்சு. மேல ஏறி என்னத்தடி கிழிக்கிற?"

"சேவ் பண்ணேண்ணா. நீ வர்றதுக்கு முன்னாடி பார்த்தேன், புதுசுதான் இருந்துச்சு."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

அவர்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. இறங்கினாள்.

மருந்துப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிய கிடங்கு அது. மேலே வரிசையாக வெள்ளைத் தட்டுகள் போல ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஒட்டியிருந்தன. தொழிலாளர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்கேனர்கள் அந்தத் தட்டுகளின் வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். போன மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கும் அதன் பாஸ்வேர்டு தெரியும். வெளிச்சுவர் ஓரம் நின்று யாரோ உள்ளே நுழைவதாகச் சந்தேகம் வந்ததும், எல்லாவற்றிலும் மாற்றச் சொன்னார் மேலாளர். ஒவ்வொரு தட்டின் பக்கத்தையும் திறந்து, புதியதை அடித்து, சேவ் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. நேற்று அதைச் செய்து முடித்து, மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டும் பார்த்தாள். நிலைத்திருந்தது. அண்ணன் வந்து சரிபார்த்தான், பழையது இருந்தது. இரண்டாம் முறை மாற்றினாள். வந்து பார்த்தான், பழையது. இப்போது மூன்றாம் முறை; தட்டிலேயே ஏதும் கோளாறா என்று பார்க்கத்தான் ஏணி ஏறியிருந்தாள்.

அவன் எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். அவள் அணைத்த அடுப்பின் மேல் கை வைத்துப் பார்ப்பான். இருவரும் சேர்ந்து நடத்தும் தொழிலில் அவள் போட்ட ஒவ்வொரு கேபிளையும் ஒருதரம் வெடுக்கென்று இழுப்பான். இழுத்து இழுத்தே அவற்றில் சில கழன்றிருக்கின்றன. அதற்கும் அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

புதிய பாஸ்வேர்டு ஏற்றிய ஸ்கேனர்கள் பழையதோடு சேராமல் செத்துப்போனதால் ஆட்கள் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் லாரிகள் நின்றன. மேலாளர் அலைபேசியில் கத்தியது பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது. அண்ணன், "சரிங்க சார், சரிங்க சார்" என்று அலைபேசியை மெதுவாகப் பைக்குள் வைத்தான். அந்த மெதுவை அவளுக்குத் தெரியும். மெதுவாக ஒரு பொருளைக் கீழே வைத்தான் என்றால் அடுத்து யாருக்கோ விழப்போகிறது.

"அந்தக் கிழவன்தான்" என்றான்.

கிடங்கின் வயதான காவலாளியை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. "ஊதினா ஓடி வரணும்ல, யாரு ஓடறது" என்பார். எல்லாத் தட்டுகளின் கேபிளும் வந்து சேரும் இரும்பு அலமாரி அவருடைய அறையில்தான் இருந்தது. வேலை போனவர்களில் ஒருவன் அவருக்குத் தங்கை மகன்.

அண்ணன் உள்ளே போனதும் கேட்டது பேச்சுச் சத்தமில்லை. நாற்காலி விழும் சத்தம்.

அவள் ஓடிப்போய்ப் பார்க்கையில் விசிலின் முதுகு அலமாரிக் கதவில் அழுந்தியிருந்தது. அண்ணன் அந்தக் கறுப்புக் கயிற்றைக் கையில் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி ஏறி தட்டுல ரீசெட் பட்டன அழுத்தறதானே? மருமகனுக்குப் பழைய பாஸ்வேர்டு வேணும்ல?"

"என்... முட்டிக்கு... ஏணியா?" என்றார் விசில். மூச்சு பாதிதான் வந்தது. அதிலும் ஒரு கிண்டல் இருந்தது. அண்ணனுக்குக் கிண்டல் பிடிக்காது. மற்றக் கையால் வாயில் ஒன்று குத்தினான். பல் உதட்டைக் கிழிக்க, ரத்தம் சட்டைப் பித்தான்கள் மேல் சொட்டியது.

அடி விழத் தொடங்கினால் அவளுக்குத் தலை தெளிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பா பெல்ட்டை உருவும்போது அம்மா அழுவாள், அண்ணன் மேசைக்கடியில் போவான், அவள் மட்டும் அறையைச் சுற்றிப் பார்ப்பாள். எது? வாசலில் கோணலாகக் கிடக்கும் செருப்பா, சத்தமாக ஓடும் தொலைக்காட்சியா? கண்டுபிடித்து நேராக வைப்பாள், நிறுத்துவாள். சில நாள் அடி நின்றுவிடும். காரணம் என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் மனிதர்கள் அமைதியாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கேதான் முளைத்தது. பழுது பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்வது அந்த நம்பிக்கையைத்தான்.

இப்போதும் தேடினாள். ரீசெட் அழுத்தியிருந்தால் எல்லாமே போயிருக்கும். பெயர்கூட மிஞ்சாமல் கடையிலிருந்து வந்த புதுப் பெட்டிபோல் ஆகியிருக்கும். இந்தத் தட்டுகள் அப்படி ஆகவில்லை. இன்றைக்குச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டுப் போன வருடம் சொன்னதை அச்சு மாறாமல் ஒப்பிக்கின்றன. அப்படியானால் இது யாரோ அழித்ததால் வந்ததில்லை. யாரோ திரும்பத் திரும்பப் பழையதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மேசைமேல் அண்ணனின் லேப்டாப் திறந்திருந்தது. அதன் கேபிள் அலமாரிக்குள் போனது. போன வருடம் முதன்முதலில் இந்தத் தட்டுகளை மாட்டியபோது, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து அதிகாரம் செய்யும் மென்பொருளை அதில்தான் ஏற்றினார்கள். அதை நீக்கவேயில்லை. லேப்டாப்பைத் திறந்தால் அதுவும் தானாக விழித்துக்கொள்ளும். கேபிளைச் சொருகியதும் தட்டுகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி, தன்னிடமிருக்கும் பழைய அமைப்பை அவற்றின் தலையில் ஊற்றிவிடும். அவன் சரிபார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் அவனே அழித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவரை விடு. உன் லேப்டாப்தான் பண்ணுது."

அவன் கயிற்றை விடாமல் இடக்கையை வீசினான். புறங்கை அவள் கன்னத்தெலும்பில் பட்டு, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. அவள் நகரவில்லை. கேபிளைப் பிடுங்கினாள். வாசலுக்கு மேலே இருந்த தட்டில் மட்டும் தன் அலைபேசியால் புதிய பாஸ்வேர்டைப் போட்டு, சேவ் அழுத்தி, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"புதுசு இருக்கா? பார்த்துக்க. இப்போ நீயே கேபிளச் சொருகு."

அவனுக்குச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. கயிற்றை விட்டான். விசில் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். அவன் சொருகினான். தட்டின் பச்சை விளக்கு அணைந்தது, சிமிட்டியது, மறுபடி எரிந்தது. அலைபேசியின் இணைப்பு அறுந்தது. பழைய பாஸ்வேர்டைப் போட்டாள், உள்ளே விட்டது. அவன் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தன் கையாலேயே மாற்றி, மறுபடி சொருகினான். மறுபடியும் பழசு.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பிடரியில் ஏறிய சிவப்பிலேயே அவளுக்குத் தெரிந்தது. அவள் மனம் ஒருகணம் லேசானது. கண்டுபிடித்தாயிற்று, எடுத்துவிட்டால் முடிந்தது.

"அப்போ நான் வாய் கழுவப் போலாங்களா?" என்றார் விசில் தரையிலிருந்து.

அண்ணன் திரும்பி அவர் விலாவில் உதைத்தான்.

"என்னய்யா பார்வை? ம்?" இன்னொன்று உதைத்தான். "என்ன பார்க்கிற?"

அவள் அந்த உதைக்குக் காரணம் தேடினாள். பழக்கம். அறையைச் சுற்றிப் பார்த்தாள். காரணம் மேசைமேல் திறந்து கிடந்தது. மூன்று பேரும் பார்த்தாயிற்று, அவன் கையாலேயே நிரூபித்தும் ஆயிற்று. கால் மட்டும் நிற்கவில்லை. கோணல் செருப்பை அவள் நேராக வைத்த நாட்களிலும் அப்பா கை வலித்துத்தான் நிறுத்தியிருப்பார் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருடமும் செருப்புக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் இடுப்புப் பையில், கேபிள் நுனியைக் கடித்து இறுக்கும் கனத்த இடுக்கி இருந்தது. அதை உருவி அண்ணனின் மணிக்கட்டில் இறக்கினாள். காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். அவன் வாயைத் திறந்துகொண்டு திரும்பினான். அதே இடத்தில் இன்னொன்று. முதல் அடி விசிலைக் காப்பாற்ற. இரண்டாவது அடியால் யாருக்கும் உபயோகமில்லை, அது அவளுக்கே அவளுக்காக. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது யாரோ அவள் கணுக்காலைப் பிடித்தார்கள்.

"போதும்மா" என்றார் விசில். "போதும். விட்டுடு."

அண்ணன் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அவன் முகத்தில் கோபத்தைக் காணோம். மேசைக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பையனின் முகம் அது.

"கையை உடைச்சிட்டியேடி" என்றான். "அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"உடைச்சேன்னு சொல்லுவேன்."

இடுக்கியைப் பையில் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அதற்கு வீச்சும் இடமும் தெரிந்திருந்தன. அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

சத்தம் கேட்டு ஆட்கள் வாசலில் கூடியிருந்தார்கள். ஸ்கேனர் வைத்திருந்த பெண் ஒருத்தி விசிலைத் தூக்கிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் இவள். "ரெண்டு பேரையும். ஒரே வண்டில ஏத்தாதீங்க."

"முன்னாடி வண்டி எனக்கு" என்றார் விசில், விலாவைப் பிடித்துக்கொண்டு. ஒருத்தன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவள் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். அந்த மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. நீக்கினாள். கேபிளை உருவிச் சுருட்டி மூலையில் எறிந்தாள். பிறகு முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தாள். புதிய சொல், சேவ், அடுத்தது. கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டு வந்தது. மற்றக் கண் போதுமாயிருந்தது.

அண்ணனைக் கைத்தாங்கலாக எழுப்பினார்கள். வாசலருகே போனவன் நின்றான்.

"புது பாஸ்வேர்டு என்ன போட்டிருக்க?"

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"ஏய். கேக்கறேன்ல. செக் பண்ணணும்."

"லாரிங்க சரக்குக்கு நிக்குது" என்றாள். "போண்ணா."

அவன் இன்னும் நின்றான். அவள் அடுத்த தட்டின் பக்கத்தைத் திறந்தாள். கிடங்கின் உள்ளே எங்கோ ஒரு ஸ்கேனர் பீப் என்றது, பிறகு இன்னொன்று. வெளியே அவனை ஏற்றிய வண்டியின் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. செய்து முடித்த முதல் தட்டை மறுபடி திறந்து பார்க்கச் சொல்லி விரல் அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அரிப்பு அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.